கோயில் வாசலில் நின்ற கார்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு டாக்டர் வரலட்சுமி படியேறி வந்தார். உதவியாளன் அருள்குமார் நாற்காலியைத் துடைத்துப் போடுவதற்குள் உட்கார்ந்தே விட்டார். கருத்தரிப்பு மையமும், அதையொட்டி ஓர் ஆராய்ச்சிக்கூடமும் நடத்துகிறவர். முகத்தில் தூக்கமில்லை.

"களவு போயிருச்சுங்க. நகை நட்டில்லை. ரெண்டு கரு."

போலீஸ் உத்தியோகத்தை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த தெய்வாத்தாள் பேனாவை மூடி வைத்தார். "நிதானமாச் சொல்லுங்க டாக்டர்."

கிருபாசங்கர், அக்ஷயா என்று ஒரு தம்பதி. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு, வடவள்ளியில் வீடு. வருஷக்கணக்காகச் சிகிச்சை எடுத்தும் எதுவும் தங்கவில்லை. கடைசியில் அக்ஷயாவின் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. வாடகைத்தாய்ப் பேச்சுக்கு இருவருமே ஒப்பவில்லை. மிஞ்சியது, ஒரே குழலுக்குள் உறைய வைத்திருந்த இரண்டு கருக்கள். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்றார் கிருபாசங்கர். அக்ஷயா மறுத்தாள். வீட்டில் வெகுநாள் சண்டை. வெள்ளிக்கிழமைதான் இருவரும் வந்து சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள்.

"கடைசியா ஒரு தடவை பார்க்கணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எங்க டெக்னீஷியன் ஆஸிம், நைட்ரஜன் டாங்கிலிருந்து குழலைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைப் புகை எழும்புச்சு. அவ்வளவுதான், ஓன்னு அழுதுட்டு வெளிய ஓடிருச்சு. நான் பின்னாடியே ஓடினேன். ஆஸிம் குழலை உள்ள விட்டுப்போட்டு எம்பின்னாடியே ஓடி வந்தார். சாயங்காலம் திறந்து பார்த்தா, இல்லை."

"ஊட்டுக்காரர்?"

"அவரும் எல்லாருக்கும் கடைசியா வெளிய வந்துட்டாருங்க." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆஸிம் வித்துட்டார்னு டிரஸ்டிங்க சொல்றாங்க. நாளைக்குப் போலீசுக்குப் போயிருவாங்க. அவர் எடுக்க மாட்டார்ங்க."

ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும் வழியிலேயே அருள்குமார் முடிவு கட்டிவிட்டான். "வேற ஆராய்ச்சிக்கூடத்துக்காரன் வேலைங்கக்கா. எழுதி வெச்சுக்கங்க."

"எதுல எழுதறது, காத்துலயா?" என்றார் தெய்வாத்தாள். "மொதல்ல பார்க்கலாம் வா."

ஆஸிம் தடித்த நீலக் கையுறைகளை எடுத்துக் காட்டினான். குழலை இது இல்லாமல் தொட்டால் தோல் பிய்ந்துவிடுமாம். வெளியே கொண்டுபோவதென்றால் நைட்ரஜன் நிரப்பிய சின்னக் கேன் வேண்டும். அந்தக் கேன் தூசி கலையாமல் அலமாரியிலேயே இருந்தது.

"இது இல்லாம எடுத்துட்டுப் போனா?"

"கொஞ்ச நேரத்துல உருகிருங்க. அப்புறம் எதுக்கும் ஆகாது." அவன் கையுறைகளை மேசையில் வைத்தான். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குங்கக்கா. நானா விப்பேன்?"

மத்தியானம், டாக்டரையும் ஆஸிமையும் கூட்டிக்கொண்டு வடவள்ளிக்குப் போனார்கள். போர்ட்டிகோவில் நின்ற காரைத் தெய்வாத்தாள் குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்குக்கு மேலே மாசாணியம்மன் படம். அடியில் அமாவாசைக்கு அமாவாசை சேர்ந்துவிட்ட எலுமிச்சம்பழங்கள், புதிதும் காய்ந்ததுமாக.

"வாங்க, உக்காருங்க," என்றாள் அக்ஷயா. கண் வீங்கியிருந்தாலும் உபசாரம் குறையவில்லை. தட்டில் குங்குமம் கொண்டுவந்தாள். "நேத்து ஆனைமலை மாசாணியம்மனுக்குப் போயி, அங்க கல்லுல மிளகாய் அரைச்சுப் பூசிட்டு வந்தேனுங்க. எம்புள்ளைகளை எடுத்தவன் கையி எரியணும்னு."

எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆஸிம்கூட ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டான். கிருபாசங்கர் மட்டும் ஓரடி பின்வாங்கினார். "அப்புறம் எடுத்துக்கறேன்." கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கட்டு.

"கையில என்னங்க?"

"தோசைக்கல்லு சுட்டுருச்சுங்க."

"நேத்தும் இப்படித்தானுங்க," என்றாள் அக்ஷயா. "அத்தனை தூரம் ஓட்டிட்டு வந்துட்டு, கோயிலுக்குள்ள காலெடுத்து வெக்கலை. கார்லயே உக்காந்துட்டார்." பிறகு தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு எடுத்திருந்தாலும், உசுரோட வெச்சிருப்பாங்கல்லங்க?"

தெய்வாத்தாள் கிருபாசங்கரைப் பார்த்தார். "தம்பி, நீங்களே சொல்லிருங்களேன். எங்க வாயால வேண்டாம்."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சொல்றேன். விக்கறதுக்கு எடுத்தவன் கேனை விட்டுட்டுப் போக மாட்டான். பொழைக்க வெக்கற எண்ணமே எடுத்தவருக்கு இல்லை. டாங்குகிட்ட கடைசியா, தனியா நின்னது நீங்க. தோசைக்கல்லு சுட்டிருக்கலாம். ஆனா கையுறை இல்லாம அந்தக் குழலை எடுத்தா, இதே ரெண்டு விரல்தான் போகும்."

"அவரு எதுக்குங்கக்கா எடுக்கணும்?" அருள்குமாருக்குப் பொறுக்கவில்லை. "வெறும் செல்லுன்னு சண்டை போட்டுச் சம்மதம் வாங்கிக் குடுத்ததே அவர்தானே! கோயிலுக்குப் போகாததும் அதனாலதானே, நம்பிக்கையில்லாதவர்."

"கார்ல இருக்கற எலுமிச்சம்பழத்தைப் பார்த்தியா? அத்தனை அமாவாசையும் போனவர், நேத்து வாசலோட நின்னுட்டார். குங்குமத்தைத் தொட மாட்டேங்கறார். நம்ம பக்கம் எப்பக் கோயிலுக்குப் போக மாட்டோம் அருளு?"

அருள்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் சாவு விழுந்தால். தீட்டு இருந்தால்.

"இந்த ஊட்டுல சாவு விழுந்தது ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா இந்தப் பொண்ணு கோயில் படி ஏறியிருக்காது."

கிருபாசங்கர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"புள்ளியை விடச் சின்னதுன்னு நாந்தான் அக்ஷயாகிட்டச் சொன்னேன். யாருக்காவது பார்வை வரும், யாராவது எந்திரிச்சு நடப்பாங்கன்னு. இப்பவும் அது தப்புன்னு சொல்லலைங்க. ஆனா ஆஸிம் தம்பி தூக்கிக் காட்டுனப்ப அந்தப் புகை... குளுருமேன்னு தோணுச்சுங்க. எல்லாரும் வெளிய ஓடுனதும் எடுத்துச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டேன். தோப்புக்குக் கொண்டுபோயி, செவ்வெளநி மரத்தடியில பொதைச்சுட்டேன். ஒரு வருசம் வாதாடிப்போட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட இவகிட்ட வேண்டாம்னு சொல்றது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே கிருபா," என்றார் டாக்டர். "அதுக்கு உங்களுக்கு உரிமை இருந்துச்சே. வேண்டாம்னு சொல்றவங்களை நான் ஒரு நாளும் முட்டாள்னு நினைச்சதில்லை."

"ஆஸிம் தம்பி, மன்னிச்சுருங்க. நாளைக்கு நானே வந்து சொல்லிடறேன்."

ஆஸிம் தலையை மட்டும் அசைத்தான்.

அக்ஷயா அசையவில்லை. தட்டு அவள் கையிலேயே இருந்தது. உசுரோடு எங்கோ இருக்கும் என்று இரண்டு நாளாகப் பிடித்துவைத்திருந்தது முகத்திலிருந்து இறங்கிப் போவதை அருள்குமார் பார்த்தான்.

"உங்க கையி எரியணும்னா நான் அரைச்சேன்?" என்றாள் மெதுவாக. "அத்தனை மிளகாயை... பார்த்துட்டுக் கார்லயே உக்காந்திருந்தீங்களா?"

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

"பால் ஊத்துனீங்களா?"

"நீயில்லாம எப்படிம்மா..."

அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம். திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் இல்லை. கையில் மூடிபோட்ட ஒரு போசி நிறையப் பால்.

"வெள்ளிக்கெழமைன்னா இன்னைக்கு மூணாம் நாளுங்க. எந்திரிங்க. போலாம்."

கிருபாசங்கர் சாவியை எடுத்தார். கட்டுப் போட்ட விரலில் அது நிற்கவில்லை, கீழே விழுந்தது. அருள்குமார் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"நான் ஓட்டறேனுங்க."

கார் ஆனைமலைப் பாதையில் போயிற்று. பால் தளும்பாமலிருக்க அக்ஷயா போசியை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். கோயில் வளைவு வந்தது. அருள்குமார் வண்டியைத் திருப்பாமல் நேரே தோப்புக்கு விட்டான்.