நாற்பத்தொன்றுக்குப் பிறகு

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. இன்னும் ஒன்று. வா.

வரவில்லை. கடைசி வெடியின் அழுத்தம் புகலறையின் இரும்புக் கதவில் மோதி, நறுமுகையின் கடைவாய்ப் பற்கள் வரை இறங்கி அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பாறை பேசவில்லை.

"நாப்பத்திரண்டு," என்றார் பக்கத்தில் இருந்த பூபதி. "எல்லாம் வெடிச்சாச்சு. வா புள்ள, டீ ஆறிப்போகும்."

மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவரும் அந்தச் சுரங்கத்தில் வெடி எண்ணும் எட்டுப் பேரில் இவர்கள் இருவரும் ஒன்பது ஆண்டுகளாக ஜோடி. துளை போடுவதும் வெடி நிரப்புவதும் இயந்திரங்களின் வேலை. எத்தனை வெடித்தன என்று எண்ணுவதற்கு மட்டும் மனிதக் காது வேண்டும் என்பது விதி. பாறையின் எதிரொலி கருவிகளை ஏமாற்றிவிடும். வெடிக்காத துளை ஒன்று உள்ளே கிடந்தால், கல் அள்ளப் போகிறவர்கள் கையில்தான் அது வெடிக்கும்.

எண்ணுபவர்களின் மூளை ஒவ்வொரு வெடியையும் வாங்கிக்கொள்கிறது. ஒன்றிரண்டு பெரிதல்ல. நாளுக்கு எட்டு வெடிவரிசை, ஆண்டுக்கணக்கில் என்றால், மூளையின் காவல் செல்கள் ஓய்வதை மறந்துவிடுகின்றன. மெல்லிய வீக்கம் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் காணாமல் போவது சொற்கள். அதனால்தான் சொல்மாற்று வந்தது: காலையில் ஜோடிகள் ஒருவருக்கொருவர் ஐந்து சொற்கள் கொடுப்பார்கள், வெடி முடிந்ததும் திருப்பிக் கேட்பார்கள். இரண்டு சொல் தவறினால் இருபத்தொரு நாள் மேலே ஓய்வு, வீக்கம் தணிக்கும் மருந்து. நறுமுகை இருமுறை போய்த் தேறி வந்திருக்கிறாள்.

தை மாதம் துணைநினைவி வந்தது. புளியங்கொட்டை அளவு, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மறந்ததை அதுவே நிரப்பிவிடும். அன்றிலிருந்து ஒருவரும் ஒரு சொல்கூடத் தவறவில்லை. நிர்வாகம் ஜிலேபி கொடுத்தது.

முந்தின நாள் மகள் போனில் பேசியது நறுமுகைக்கு வரி மாறாமல் நினைவிருந்தது. ஆனால் மகளின் குரல் சிரித்ததா, அழுததா? தேடிப் பார்த்தாள்; எழுத்துதான் இருந்தது. காலையில் துணைநினைவியைப் பிய்த்து டிபன் பாக்ஸில், தயிர்சாதத்துக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டு மூடிவிட்டாள்.

"அண்ணா, நான் நாப்பத்தொண்ணுதான் எண்ணினேன்."

"காதை டாக்டர்கிட்டக் காட்டு." பூபதி சிரித்தார்.

"நீங்க எண்ணினீங்களா?"

"எண்ணுனதா ஞாபகம் இருக்குதே!"

"சரி, சொல்லு குடுங்க. காலையில நான் குடுத்தது."

"இடுக்கி, அவரைப்பந்தல், சீயக்காய், முக்காலி, தூக்கணாங்குருவி. போதுமா டீச்சர்?"

"இப்ப அதைக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

விளையாட்டாகத்தான் கழற்றினார். பார்வை சுவரெல்லாம் அலைந்தது. "குருவி..." என்றார். பிறகு, மிகவும் மெதுவாக, "ஏம்மா, காலையில நாம பேசினோமா?"

நறுமுகை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது ஆண்டுகளில் முதல்முறை.

அவள் நாற்பத்தொன்று என்று தகவல் அனுப்பியதும், பொறியாளர் தர்ஷன் கையடக்கத் திரையோடு வந்தார். பின்னால் கல் அள்ளும் பதினாறு பேர், தலையில் விளக்கோடு.

"அக்கா, ஏழு பேரோட துணைநினைவியும் நாப்பத்திரண்டுங்குது. உங்க கணக்கு மட்டும்தான் இடிக்குது."

"நிரப்பின துளை எத்தனை சார்?"

"நாப்பத்திரண்டு."

"அது திட்டத்துல இருக்கிற எண்ணு. காது கேட்காத இடத்துல துணைநினைவி அதை எடுத்து வச்சிருக்குது. பூபதி அண்ணனுக்குச் சொல்லை எடுத்து வச்ச மாதிரி."

தர்ஷன் பூபதியைப் பார்த்தார். பூபதி தன் உள்ளங்கையில் கிடந்த புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க," தர்ஷன் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் ரெண்டு தடவை வீக்கம் வந்திருக்கு. இன்னைக்கு அவர் குடுத்த அஞ்சு சொல்லு, சொல்லுங்க பார்ப்போம்."

உரல். வெள்ளரி. பூட்டு. கம்பளி. ஐந்தாவது இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அவள் அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பயமில்லை, பள்ளம் அவளுடையதுதான்.

"நாலு இருக்குது. அஞ்சாவது போயிருச்சு."

"பார்த்தீங்களா! சொல்லு போன மாதிரி ஒரு வெடியும் போயிருக்கும். அதைத் திரும்ப ஒட்டிக்கிட்டு நாப்பத்திரண்டுனு கைரேகை வையுங்க. இல்லன்னா ஆறு மணி நேரம் வேலை நிக்கும், எட்டுப் பேரையும் மேல அனுப்பணும்."

"எனக்கு ஒண்ணு போச்சுன்னு தெரியுது சார். இவங்களுக்குப் போனதே தெரியல. போனது தெரிஞ்சாத்தானே மருந்து?"

தர்ஷன் திரையை நீட்டினார். "அக்கா, ஒரு விரல்தான்."

பதினாறு விளக்குகளும் அவள் முகத்தில் விழுந்தன. நறுமுகை டிபன் பாக்ஸின் மூடியை இன்னொரு முறை அழுத்திப் பூட்டினாள். பிறகு சுரங்கத்துக்குள் போகும் வழியில், குறுக்காக, பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூபதிக்கும் இடம் விட்டாள்.

"நாப்பத்தொண்ணு," என்றாள்.