ஒற்றைக் கதவுக் கிடங்கு

விரலளவு உயரமுள்ள தன் ஈயச் சிப்பாய் ஒருவனுக்குப் பல்லிடுக்கில் சிக்கிய வெற்றிலைத் துணுக்கைக்கூடப் பச்சையில் தீட்டியிருப்பதாகச் சீனிவாசகம் சொன்னார். அவனையும் சேர்த்துப் பதினோரு பேரைத் தான் அட்டையில் செய்த வெடிமருந்துக் கிடங்குக்குள் நிறுத்தி ஒட்டி மூடிவிட்டாராம். இனி அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் காட்ட முடியாதாம். கிடங்கு என்னவோ அரைச் செங்கல் அளவுதான்.

அவர் இதுவரை விட்ட புளுகுகளை மட்டும் அச்சடிக்கக் கொடுத்தால், சிவகாசியில் உள்ள அத்தனை இயந்திரமும் ஒரு சீசனுக்கு வேறு ஆர்டர் எடுக்க முடியாது. பட்டாசு லேபிளுக்கு முப்பத்தைந்து வருடம் படம் வரைந்த கை அது. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்குமா? சிங்கப்பூரிலிருந்து மகள் ஸ்ரீமதி அனுப்பிய பொம்மைப் போர் விளையாட்டுப் புத்தகம் ஒன்று அவரைப் பேயாகப் பிடித்துக்கொண்டது. மாடி அறையில் இரட்டைக் கட்டில் அகலத்துக்குப் பலகை போட்டார். காலண்டர் அட்டையை வெட்டி மணல் ஒட்டிக் கோட்டைச் சுவர், தேங்காய் நாரில் பனங்காடு, தீக்குச்சியில் வேலி, உடைந்த கண்ணாடியில் கண்மாய். மூடிப்போன அச்சகத்தின் ஈய எழுத்துகளை உருக்கி இரண்டு படைகளை வார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மச்சான் ரத்தினசாமி வந்துவிடுவார். இருவரும் பகடை உருட்டி, தையல் டேப்பால் தூரம் அளந்து, ஒருவர் படையை ஒருவர் கொன்று தீர்ப்பார்கள்.

ரத்தினசாமி, சீனிவாசகத்தின் மனைவி செல்லக்கனிக்கு அண்ணன். மாப்பிள்ளை சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நம்புவதில்லை என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதம்.

"உள்ள ஒரு கொசுகூட இருக்காது மாப்ளே," என்றார். "என் தங்கச்சியக் கட்டுன நாள்லருந்து நீ மூடி வச்சுக் காட்டுனது அம்புட்டும் காலி டப்பாதான்."

காபி கொண்டுவந்த செல்லக்கனியும் சேர்ந்து சிரித்தாள்.

மச்சான் சொன்னதுதான் உண்மை. கிடங்கு காலி. அழகுக்காக முன்னால் ஒரு கதவை மட்டும் வைத்து, அதையும் பசை போட்டு அடைத்து, பின்புறத்தை வெறும் சுவராக விட்டிருந்தார். உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லை என்பது உலகத்தில் சீனிவாசகம் ஒருவருக்குத்தான் திட்டமாகத் தெரியும்.

அதனால்தான் மறுநாள் தூசி தட்டுவதற்காக அதைத் தூக்கியவர் உடனே கீழே வைத்துவிட்டார். வெறும் அட்டைப் பெட்டி, பிடி ஈயம் போலக் கனத்தது.

கை சோர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டார். வயசு என்று சொல்லிக்கொண்டார். பிறருக்குச் சொல்கிற பொய்களில் இருந்த மினுக்கு இந்தப் பொய்களில் இல்லை.

அது 2008. மின்வெட்டு ஊரைப் பாடாய்ப் படுத்திய வருடம். ஆறு மணிக்கு மின்சாரம் போனது. மின்விசிறி கடைசிச் சுற்றை முனகி முடித்தது. தெருவில் அட்டை லோடு ஏற்றிய வண்டி ஒன்று குலுங்கிக்கொண்டே தொலைந்த பிறகு, மாடி அறையில் கந்தக வாசனை மெல்லப் பரவியது. ஊருக்கே உள்ள வாசனைதானே என்று அவர் பகடையைத் தேடினார். ஆனால் அந்த வாசனையில் இன்னொன்று கலந்திருந்தது. வியர்வை. தலைக்கு வைத்த எண்ணெய். மதியம்வரை தூக்குவாளியில் அடைந்து கிடந்த சோற்றின் புளிப்பு.

அப்புறம் சத்தம். அட்டையை நகத்தால் சுரண்டுகிற மாதிரி. நிற்கும். தொடரும். பல்லி என்று நினைத்தார். எலி என்று நினைத்தார். பனங்காட்டைத் தாண்டிக் காதைக் கொண்டுபோனார்.

கிடங்குக்குள்ளிருந்துதான். பின்சுவரில். பல கைகள்.

நான்கு நாள் இதே கதை. ஐந்தாம் நாள் அவரே மச்சானுக்குப் போன் செய்து மாடி அறைக்கு வரவழைத்தார். தன் புத்தி கலங்கவில்லை என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி வேண்டும். அதற்கு ரத்தினசாமியைப் போல் எதையும் நம்பாத மனுஷன்தான் தோது. "காலி" என்று அந்த மனுஷன் ஒருதரம் சொல்லிவிட்டால் போதும். பிறகு நிம்மதியாகத் தூங்கலாம்.

"மச்சான், நான் சொன்னது பொய். உள்ள ஒருத்தனையும் வைக்கல."

"அதத்தானே நானும் சொன்னேன்."

"அப்ப சுரண்டுறது யாரு?"

ரத்தினசாமி சிரிக்க வாயெடுத்தார். மின்சாரம் போயிற்று. சத்தம் வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேனாக இருந்தவர் அவர். பத்து வருடத்துக்கு முன் அங்கே ஓர் அறை எரிந்து, வேலை செய்த பெண்களில் ஒருத்தியும் தப்பவில்லை. பின்கதவு திறந்துதான் கிடந்தது, பயத்தில் திசை தெரியாமல் நின்றுவிட்டார்கள் என்று விசாரணையில் சொல்லிவிட்டு வேலையை விட்டவர். அதற்குமேல் யாரும் அவரைக் கேட்டதில்லை.

சீனிவாசகம் டார்ச்சைப் பிடித்தார். ரத்தினசாமி அட்டை வெட்டும் கத்தியை எடுத்து, எங்கே வெட்டுவது என்று கேட்காமலே பின்சுவரில் வைத்தார். ஒரு கதவு அளவுக்குக் கீறினார். அட்டை வெளிப்பக்கம் சாய்ந்தது.

காலியில்லை.

சிப்பாய்களும் இல்லை. பெண்கள். விரலளவுப் பெண்கள். சீனிவாசகம் தன் ஆயுளில் ஒரு பெண்ணைக்கூட வார்த்ததில்லை. ஒருவர்மேல் ஒருவர் ஏறி, பின்சுவர் இருந்த இடத்தில் நெருங்கி, உள்ளங்கைகளை வெளியே விரித்தபடி. இடுப்பில் சொருகிய சேலை. முழங்கைவரை அலுமினியத் தூள். திறந்த வாய்கள். எந்தத் தூரிகையும் தீட்டாத கண்கள், ஈரமாக.

சீனிவாசகம் டார்ச்சை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "பொய்யின்னு சொல்லுங்க மச்சான்."

ரத்தினசாமி ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தார். கண்கள் நகர்ந்தன. வலப்பக்கம் வந்தார். பதினோரு ஜோடியும் வந்தன.

அவர் தரையில் உட்கார்ந்தார். விரலை முன்னால் நின்ற உருவத்தின் மேல் படாமல் நீட்டினார்.

"இது ராமுத்தாய்," என்றார். "பக்கத்துல பாண்டிச்செல்வி." கத்தியைக் கீழே வைத்தார். "நெசந்தான் மாப்ளே. ஆர்டர் முடியுமுன்ன ஒருத்தியும் வெளிய போயிரக் கூடாதுன்னு, பின்கதவ நாந்தான் பூட்டுனேன்."