கன்னத்தில் ஒரு ஸ்விட்ச்

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு அப்பாவின் குரல் கீழே விழுந்து உடைந்தது.

நிஜமாகவே அப்படித்தான். அப்பா பேசிக்கொண்டிருந்தது ஒரு பழைய லேப்டாப் வழியாக. அம்மா கட்டிலை நகர்த்தியபோது அதன் வயர் காலில் மாட்டி, லேப்டாப் ஸ்டூலிலிருந்து தரையில் விழுந்தது. மூன்று தடவை ஆன் செய்து பார்த்தார்கள். கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது. அம்மா அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா பஸ் டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்க மறுத்தன. அப்புறம் கால்கள். அப்புறம் நாக்கு. நரம்பில் வரும் அந்த நோய்க்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அப்பா பேச்சைக் கேட்பது அவருடைய வலது கன்னம் ஒன்றுதான்.

அந்தக் கன்னத்தில் ஒட்டி வைக்க அண்ணன் ஒரு சின்ன ஸ்விட்ச் செய்து கொடுத்திருந்தான். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அப்பா கன்னத்தை அசைப்பார். எழுத்துகள் சேர்ந்ததும் லேப்டாப் படித்துச் சொல்லும். ஏற்றமும் இறக்கமும் இல்லாத தட்டையான குரல். ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அது அப்பாவின் குரலாகிவிட்டது.

வீட்டில் கடைக்குட்டி, ஆறாம் வகுப்பு படிக்கிறவள். வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த துறைமுகம் வரும்வரை, அதாவது இன்னும் இரண்டு வாரத்துக்கு, அவனுக்குப் போன் போகாது.

செவ்வாய்க்கிழமை அம்மா ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி வந்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாள்; சரியான எழுத்துக்கு அப்பா கண் சிமிட்ட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்பாவின் இமைகளும் இப்போது சோர்ந்து தானாகவே மூடிக்கொண்டன. எந்தச் சிமிட்டல் பதில், எந்தச் சிமிட்டல் களைப்பு என்று தெரியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் கிடைத்தது ஒரே ஓர் எழுத்து. 'கு'.

குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்று அம்மா ஒரு ஸ்பூன் கொடுத்தாள். அது புரையேறி, அப்பா முகம் சிவக்கச் சிவக்க இருமினார். அப்புறம் யாரும் அட்டையைத் தொடவில்லை.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், நல்ல மனிதர். ஆனால் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும், யாரும் கேட்காவிட்டாலும். தம்பிக்குப் புழுக்கமாக இருக்கும் என்று, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது. அப்பாவின் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் சின்னத் துளை போட்டு, மூச்சுக்கு ஒரு மெஷின் வைக்கலாம். வைக்காவிட்டால் இன்னும் சில மாதம்தான். இதைப் போன வாரம் டாக்டரம்மா தணிந்த குரலில் அம்மாவிடம் சொன்னபோது, கதவுக்குப் பின்னால் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். நோயாளியே தன் வார்த்தைகளில் பதில் சொல்ல வேண்டும், வெறும் 'ஆமாம்', 'இல்லை' போதாது என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பெரியப்பா தம்பியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெஷின் வேண்டுமா, ஆமாம் என்றால் கண் சிமிட்டு என்று கேட்டார். அப்பா அழுத்திக் கண் சிமிட்டினார். அப்படியென்றால் வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். அதற்கும் அப்பா அதே மாதிரி சிமிட்டினார்.

பெரியப்பா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவனுக்குப் புத்தி தடுமாறிடுச்சும்மா," என்றார். "இனிமே அவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நாமதான் முடிவு பண்ணணும். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம். அவன் கஷ்டப்பட்டது போதும்."

வாண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை, அம்மா வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து ஒரு லேப்டாப் இரவல் கிடைத்தது. அண்ணனின் அலமாரியில் ஒரு பென் டிரைவும் ஒரு நோட்டும் இருந்தன. அப்பாவைப் பேசவைக்கும் அந்தப் புரோகிராம் எந்தக் கம்பெனியும் விற்பது அல்ல. முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. ஆனால் எழுதியபடியேதான் கிடைக்கும், அப்படியே ஓடாது. அதை அவரவர் கம்ப்யூட்டருக்குத் தகுந்தபடி அவரவரே கட்டி எடுக்க வேண்டும். எப்படி என்று அண்ணன் நோட்டில் படிப்படியாக எழுதி வைத்திருந்தான்.

முதல் படி: பென் டிரைவில் உள்ளதை அப்படியே புது மெஷினில் காப்பி பண்ணு. இரண்டாவது படி: இந்தக் கட்டளையை அடி. மூன்றாவது படி: இந்தக் கட்டளையை அடி.

வாண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தாள். திரையில் வரிகள் கடகடவென்று ஓடின. பிறகு எல்லாம் சிவப்பாக மாறி, ஓட்டம் நின்றது. கடைசி வரியில், 'பிழை 2. நிறுத்தப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அம்மா அந்தக் கடைசி வரியை இணையத்தில் தேடினாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதை ஏற்று, இதை மாற்று என்றார்கள். அவள் ஏற்றினாள், மாற்றினாள். மறுபடியும் பிழை 2. தெருமுனை மொபைல் கடைக்காரரிடம் கொண்டு போனால், ஸ்கிரீன் உடைந்தால் கொண்டு வாங்க, இது நமக்குச் சரிப்படாது என்று கையை விரித்துவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வாண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். நாளைக்குக் காலை பத்து மணிக்கு டாக்டரம்மா வந்துவிடுவார். மேசையில் பெரியப்பா எழுதிய கடிதம் தயாராக இருந்தது. கீழே அம்மா கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

அவள் மறுபடியும் மூன்று படிகளையும் செய்தாள். மறுபடியும் சிவப்பு. மேசையைக் குத்தலாம் போல இருந்தது. லேப்டாப் இரவல் என்பது ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டாள்.

அன்று மதியம் பள்ளியில் நடந்தது நினைவுக்கு வந்தது. படிக்கட்டில் வரிசையாக இறங்கும்போது பதினைந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். டீச்சர் வந்து கடைசியாக விழுந்தவனைப் பிடித்துத் திட்டினார். அவன் என்ன செய்வான், பாவம். மேல் படியில் ஒருத்தி செருப்பு வார் அறுந்து தடுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வாண்டு திரையை மேலே தள்ளினாள். சிவப்பு வரிகள் நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. முதல் சிவப்பு வரி வரும்வரை தள்ளிக்கொண்டே போனாள்.

அதில் ஒரு ஃபைலைக் காணோம் என்று இருந்தது. எங்கே தேடியது என்பதும் இருந்தது. அந்தப் பாதையின் நடுவில், ஆங்கில எழுத்தில், 'பெருசு' என்று ஒரு பெயர்.

வாண்டுக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும். உடைந்துபோன பழைய லேப்டாப்புக்கு அண்ணன் வைத்த பெயர்தான் பெருசு. பத்து வயது மெஷின், எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்பதால். இது புது லேப்டாப். இதற்குள் பெருசு எப்படி வந்தார்?

நோட்டை எடுத்து இரண்டாவது படியை மறுபடி படித்தாள். பக்கத்தில் அண்ணன் சின்னதாக ஒரு குறிப்பு எழுதியிருந்தான். புரோகிராம் புது வீட்டுக்குக் குடிவருகிற ஆள் மாதிரி. தண்ணீர்க் குழாய் எங்கே, பிளக் எங்கே என்று மெஷினைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். குறித்ததை ஒரு ஃபோல்டரில் பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

அந்த ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே ஒரு நீளமான பட்டியல். வரிக்கு வரி பெருசு, பெருசு, பெருசு.

அண்ணன் பென் டிரைவில் எதையும் விடாமல் அப்படியே எடுத்து வைத்திருந்தான், பெருசு சொன்ன பதில்களையும் சேர்த்து. அவர்களும் எதையும் விடாமல் அப்படியே காப்பி செய்திருந்தார்கள். புரோகிராம் பார்த்தது, பதில்கள்தான் கையில் இருக்கின்றனவே என்று புது மெஷினைக் கேட்கவே இல்லை. இல்லாத வீட்டின் குழாயைத் தேடிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது.

"அம்மா, இந்த ஃபோல்டரை அழிக்கணும்," என்றாள் வாண்டு.

அம்மா பதறிப்போனாள். "எதையும் அழிக்காதே. ஏற்கெனவே ஒண்ணை நான் உடைச்சாச்சு. இதுவும் போச்சுன்னா என்னடி பண்ணுவேன்?"

"பென் டிரைவுல எல்லாம் அப்படியே இருக்கும்மா. நான் அதைத் தொடவே இல்லை. இங்க காப்பி பண்ணதுல மட்டும்தான் அழிக்கிறேன். தப்பாப் போனா திரும்பக் காப்பி பண்ணிக்கலாம்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்த மெஷினை யாரும் எதுவும் கேக்கலம்மா. வேற மெஷின் சொன்னதை இது மேல கட்டிட்டாங்க."

அம்மா மேசையில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். அதைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "அழி," என்றாள்.

வாண்டு பென் டிரைவைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஃபோல்டரை அழித்தாள். இரண்டாவது படி. இந்தத் தடவை வரிகள் வேறு மாதிரி வந்தன. மெஷினைக் கேட்டுக் கேட்டு நகர்ந்தன. இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. திடீரென்று ஒன்று: ஸ்விட்ச், இல்லை.

சிவப்பாக இல்லாததால் கவனிக்காமல் விட்டிருப்பாள். ஆனால் ஸ்விட்ச் இல்லாமல் அப்பாவால் எப்படிப் பேச முடியும்? நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஸ்விட்சுக்குத் தேவையானதை இறக்கிக்கொள்ள ஒரு கட்டளை இருந்தது. அடித்தாள். மறுபடி இரண்டாவது படி. ஸ்விட்ச், இருக்கிறது.

மூன்றாவது படி இருபது நிமிடம் ஓடியது. வாண்டு நகத்தைக் கடித்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, தன் நகத்தைக் கடித்தாள்.

சிவப்பு வரவில்லை.

அப்பாவின் கன்னத்தில் ஸ்விட்சை ஒட்டினார்கள். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. கன்னம் லேசாகத் துடித்தது. 'கு' என்று விழுந்தது.

அம்மா தண்ணீர் டம்ளரை எடுக்கத் திரும்பினாள். வாண்டு அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் எழுத்துகள் வந்துகொண்டிருந்தன. ஐந்து நிமிடத்துக்கு அப்புறம் தட்டையான குரல் படித்தது.

"குளிருது. ஃபேனை நிறுத்து."

இரண்டு நாளாக அந்த ஃபேன் முழு வேகத்தில் அவர் நெஞ்சுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கேட்காத கேள்விக்கு யார்தான் கண் சிமிட்டுவது? வாண்டு ஓடிப்போய் நிறுத்தினாள். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். பெரியப்பா கடிதத்தோடு தயாராக நின்றார். தம்பிக்கு நினைவு சரியில்லை என்று ஆரம்பித்தவர், லேப்டாப்பைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. மெஷின் நோயைக் குணமாக்காது, மூச்சை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும் என்று அப்பாவிடமே சொன்னார். பிறகு, "நீங்க சொல்லுங்க, காத்திருக்கேன்," என்று கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

பதினேழு நிமிடம் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு தட்டையான குரல் படித்தது.

"மெஷின் வேணும். வீட்டுல இருந்தா வேணும். ஆஸ்பத்திரியிலதான் கிடக்கணும்னா வேணாம்."

பெரியப்பா கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்தார். அன்று கேட்ட இரண்டு கேள்விக்கும் தம்பி சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தம்பியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

துளை போட ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆக வேண்டும், அதற்கப்புறம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் இரவும் பகலும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு பேராவது மெஷினைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும், சுலபமாக இருக்காது. அம்மா தலையாட்டினாள். இன்னொருவர் யார் என்று கேட்பதற்குள், பெரியப்பா கையைத் தூக்கினார், வகுப்பில் பையன்கள் தூக்குவது மாதிரி.

வாண்டு அண்ணனின் நோட்டை எடுத்து, முதல் படிக்குக் கீழே ஒரு வரி எழுதினாள். 'பழைய பதில் ஃபோல்டரை அழி. புது மெஷினைக் கேள்.'

அப்போது அப்பாவின் கன்னம் மறுபடி துடித்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"மணி பதினொண்ணு. வாண்டு ஏன் இன்னும் ஸ்கூலுக்குப் போகலை."

வாண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலுக்குப் போனவள், ஃபேன் நின்றுதான் இருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஓடினாள்.