பிளக்கைப் பிடுங்கியவள்

இந்தக் காலத்தில் எவன் தன் தப்பை ஒத்துக்கொள்கிறான்? கையும் களவுமாகப் பிடித்தாலும் அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு ஜம்மென்று போய்விடுகிறார்கள். ஆபீஸ் வாசலில் காவலுக்கு உட்கார்ந்து நான் இதைத்தான் பார்க்கிறேன். காதலையும் பார்க்கிறேன். லிப்டில் பூத்துப் படிக்கட்டில் வாடிவிடும்! ஆனாலும் இது நடந்தது, சொல்கிறேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. பழைய சர்வர் கம்ப்யூட்டரில் இணைந்திருந்த பிரிண்டர்களையெல்லாம் புது சர்வருக்கு மாற்ற, வெளிக் கம்பெனியிலிருந்து ஒருவன் வந்திருந்தான். மதியம் பார்த்தால் ஒரு பிரிண்டரும் அசையவில்லை.

பில் போடுகிற பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"வேலை தெரியாத ஆளை அனுப்பினா இப்படித்தான் சார்! வெளியே லாரி நிக்குது, ஒரு பில் வரல!"

மேனேஜர் அவனைப் பொரிந்து தள்ளினார். "சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா உன் வேலைக்கு நான் உத்தரவாதமில்ல!"

அவன் அவள் மேஜைக்கு அடியில் நுழைந்தான். பழைய சர்வர் அங்கேதான் கிடந்தது. வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை. கையில் ஒரு செல்போன் சார்ஜர்.

அவளுடையது.

காலையில் ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தானே சொருகினோம்... அது சர்வரா? அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பாதி மாறிக்கொண்டிருக்கும்போதே பழையதின் உயிரைப் பிடுங்கியிருக்கிறாள்!

அவன் நிமிர்ந்தான். அவள் கண்கள்... எனக்கு வர்ணிக்கத் தெரியாது. மழையில் நனைந்த கண்ணாடி மாதிரி மின்னின, கெஞ்சின. அவன் சார்ஜரைச் சத்தமில்லாமல் அவள் பைக்குள் போட்டான்.

"என்னய்யா கோளாறு?" என்றார் மேனேஜர்.

"என் தப்புதான் சார். முதல்லேர்ந்து மாத்திடறேன்."

அவள் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் கத்தியாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு...

பழையதை எழுப்பி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் புதியதில் ஏற்றினான். மற்ற பிரிண்டர்கள் ஓடின. அவளுடையது மட்டும் முரண்டு பிடித்தது.

"டெஸ்ட் பேஜ் கொடுங்க."

"கொடுத்துட்டேன்... கிறுக்கலா வருது."

"பழைய டிரைவர் சாப்ட்வேரையே கட்டிக்கிட்டு அழுதுங்க. சரியான பிடிவாதம்!"

"ஹலோ, யாருக்குப் பிடிவாதம்?"

"பிரிண்டரைச் சொன்னேங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும்.

புது டிரைவரைப் போட்டதும் பளிச்சென்று முதல் பில் வந்தது. லாரி கிளம்பியது. மேனேஜரோ போனை எடுத்தார். "இருந்தாலும் உன் கம்பெனியில ஒரு வார்த்தை சொல்லத்தான் போறேன்."

"சார்... பிளக்கைப் பிடுங்கினது நான்."

சொன்னது அவள். மேனேஜர் போனை வைத்தார்.

"இதை அப்பவே சொல்றதுக்கென்னம்மா?"

"பயம் சார்... திமிரும்தான்."

சாயங்காலம் மழைக்கு ஒதுங்கி இருவரும் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

"ஏங்க எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"உங்க கண்ணு அப்படிப் பார்த்துச்சு..."

"ரொம்ப நன்றிங்க."

"நன்றி நான் சொல்லணும். எனக்காக இதுவரை யாரும் வந்து நின்னதில்லைங்க."



"இனிமே நான் நிக்கிறேன்," என்றாள், தரையைப் பார்த்தபடி. "எப்பவும்... உங்களுக்குச் சம்மதம்னா."

"நீங்க கத்தினப்பவே நான் விழுந்துட்டேங்க!"

அவள் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினாள். "தாத்தா, நீங்களாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்களேன்."

"முதல் நாள் எல்லாரும் இப்படித்தாம்மா பேசறாங்க. போகப் போகப் பார்ப்போம்," என்று சொல்லிவிட்டு, பின்கேட்டைப் பூட்ட நடந்தேன்.