ஒன்று விடாமல்

மேனேஜர் உடனே சரி என்று சொன்னதுதான் முதல் பிசகு.

அலுவலகத்தில் அவருக்குப் 'பார்க்கலாம்' என்று பெயர். லீவு கேட்டாலும் சரி, தலைவலி மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாலும் சரி, அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்தான் வரும். வேலையை விடுகிறேன் என்று அவன் இதற்கு முன்பும் போய் நின்றிருக்கிறான். பதவி உயர்வு, புது டீம், உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று எதையாவது சொல்லி, அழுகிற பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போலத் திருப்பி அனுப்பிவிடுவார். அவனும் திட்டிக்கொண்டே வந்து உட்காருவான். உட்கார்ந்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நாற்காலிக்கு வெளியே தான் யார் என்று அவனுக்கே தெரியாமல் போய்விட்டிருந்தது.

இந்த முறை அப்படியில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை விட்டபோது அவன் ஒரு மீட்டிங்கில் இருந்தான். போன் சத்தமில்லாமல் மேஜைமேல் கிடந்தது. அக்கா திரும்பத் திரும்ப அழைத்தது தெரியாமல் யாருடைய திட்டத்தையோ விளக்கிக்கொண்டிருந்தான். மகளை இப்போது அந்த அக்காதான் வீட்டோடு வந்திருந்து வளர்க்கிறாள். 'நீ எப்பப்பா வீட்ல இருப்பே?' என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மகள், ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனை அறுத்தது. இவளாவது தனக்கு மிஞ்சட்டும் என்றுதான் இப்போது ராஜினாமா கொடுத்தான்.

"சரிப்பா, போய்க்கோ," என்றார் பார்க்கலாம். "புது ஆளுக்கு ஹேண்ட்ஓவர் மட்டும் ஒழுங்கா குடுத்துடு. ஒண்ணு விடாம."

வேலையை விடுபவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அடுத்து வருபவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். புது ஆள் வேறு ஏதோ ஊரில் இருக்கிறாராம். அதனால் மதியத்துக்கு மேல் அவன் நடைபாதைக் கடைசியில் இருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அதற்கு மருந்துக்கும் ஜன்னல் கிடையாது. ஈரம் காயாத கம்பள வாடையும் ஆறிப்போன காபி வாடையும் கலந்து மூக்கில் ஏறும், ஏசி எங்கோ யாரோ பல்லைக் கடிப்பது போல விட்டுவிட்டு நறநறக்கும், திரையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் இருக்கும். கேமரா ஓடவில்லை என்று முதல் நாளே அந்தக் குரல் சொல்லிவிட்டது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, ஏற்ற இறக்கமில்லாத குரல்.

"கேட்குதுங்க. சொல்லுங்க."

சொன்னான். எந்த வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுவார், எந்த மெயிலுக்குப் பதில் போடாமல் விடலாம், பார்க்கலாம் எப்போது நல்ல மனநிலையில் இருப்பார். சொல்லச் சொல்ல மனசு லேசானது. மாத அறிக்கையைச் சொல்லிக்கொடுத்த மறுநாள், அதை எங்கே தொடங்குவது என்றே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது. விட்டது சனியன் என்று சிரித்துக்கொண்டான்.

பிறகு அந்தக் குரல் செருமத் தொடங்கியது. பேச்சை ஆரம்பிக்கும் முன் அவன் செருமுவானே, அதே இரட்டைச் செருமல். 'அதாவது என்னன்னா' என்று அவன் இழுப்பதைப் போலவே இழுத்தது. கூடவே இருந்தால் ஒட்டிக்கொள்ளத்தானே செய்யும் என்று அவன் விட்டுவிட்டான்.

"அதாவது என்னன்னா," என்றது குரல் ஒருநாள், "சாயங்காலம் வீட்டுக்கு ஒரு போன் பண்ணுவீங்கள்ல. அதுல முதல்ல என்ன சொல்லுவீங்க?"

இதெல்லாம் எதற்கு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட அவனிடம் மகளைப் பற்றிக் கேட்டதில்லை. பாவி, பூரித்துப்போனான். தவழும் வயதில் அவள் பாய் முழுக்க உருண்டுகொண்டே இருந்ததால் அம்மாக்காரி வைத்த செல்லப்பெயர், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் போனில் 'பட்டாணி, உருண்டு வந்தாச்சா?' என்று அவன் கேட்பது, தூங்கவைக்கக் காதுமடலைத் தடவிவிடுவது என்று எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதான்.

மறுமுனையிலும் யாரோ அழுதார்கள். அவனைப் போலவே.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தான். மகள் எடுத்தாள். வாயைத் திறந்தான். அந்தப் பெயர் வரவில்லை. நாக்கு நுனியில்கூட இல்லை. அது இருந்த இடமே வழித்துத் துடைத்தாற்போல இருந்தது.

"என்னப்பா, இப்பதானே பேசினே?" என்றாள் மகள்.

அவன் ஓடினான். வேலையை விடவில்லை, இங்கேயே கிடக்கிறேன், ஆனால் அந்த ஆளை நிறுத்துங்கள் என்று பார்க்கலாமின் மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அவர் கையை நீட்டி அவன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டார்.

"நீதானேப்பா போகணும்னே. குடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது."

தெருவில் இருட்டத் தொடங்கியிருந்தது. தன் வீட்டுக்கே வழி கேட்டுக் கேட்டுத்தான் போனான். எதை விசாரிப்பது என்பதுகூட நடுவில் மறந்தது. மனைவியின் முகம் நினைவில் வந்தது. மூக்கு இல்லாமல் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

கடைசியில் ஒரு வீடு. ஜன்னல் திரையில் நிழல். அவன் உயரம். அவனைப் போலவே ஒரு தோள் சரிந்த நிழல். அது ஒரு சிறுமியைத் தூக்கிச் சுற்றியது. அவள் சிரித்தாள். அம்மா போனபிறகு அந்தச் சிரிப்பை அவன் கேட்டதே இல்லை.

மணியை அழுத்தினான்.

கிரில் கதவுக்கு உள்ளே மகள் வந்து நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பயப்படவில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

"யாரு வேணும் அங்கிள்? ஆபீஸ்லேருந்தா? எங்கப்பா வேலைய விட்டுட்டார். இனிமே வீட்லதான் இருப்பார்."

உள்ளே இரண்டு முறை செருமல்.

"யாரு பட்டாணி?"

அவனுடைய குரல். அவனுடைய சட்டை. வந்து அவள் பின்னால் நின்றது. விளக்கு அதற்கும் பின்னால் எரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடம் ஒரே கறுப்பு. கை மட்டும் வெளிச்சத்துக்கு வந்து அவள் காதுமடலைத் தடவியது. அவள் கண்ணை மூடி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

அம்மாடி, நான்தான்டா உன் அப்பா. சொல்லிவிட வேண்டும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தான். இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி வாயைத் திறந்தான்.

ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது.

"கேட்குதுங்க. சொல்லுங்க."