கொல்லைப்படிக் காசு

காலையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன கூஜா, மலர்கொடி பூட்டைத் திறந்து உள்ளே வந்தபோது விளிம்பு வரை தண்ணீரோடு நிமிர்ந்து நின்றது. சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. கொல்லைக் கதவோ உள்தாழ்ப்பாள் போட்டபடி. அறையெங்கும் நாற்றங்கால் சேற்று வாடை. பங்குனியில் ஏது நாற்றங்கால்?

குத்தாலத்துப் பக்கம் ஒரு மிராசுதார் குடும்பம் அந்தக் காலத்தில் கட்டிய கல்லூரி அது. பரீட்சை நடத்த வந்த மலர்கொடிக்கு அதன் விருந்தினர் அறையில் இடம் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்தது, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். சமையல்காரர் காயாரோகணம் காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"அம்மா, கிளம்புறப்ப கொல்லைப்படியில ஒரு ரூவா வச்சிட்டுப் போங்க. கையில குடுக்கப்படாது. திரும்பிப் பாக்கப்படாது. இங்க தங்குறவங்க எல்லாருக்கும் அதான் வழக்கம்."

"யாருக்கு இனாம்?"

"தண்ணி ஊத்துற வீரையனுக்கு." அவர் குரல் இறங்கியது. "அவன் பாட்டன் காலத்துலேந்து அவங்க குடும்பந்தான் ஊத்துது. கைபடக் கூடாதுன்னு படியிலதான் காசு வைப்பாங்க. கூலி ஒசத்திக் கேட்டுக் கொடி புடிச்சான் வீரையன். மறுநாள் கொல்லைக் குளத்துல பொணமா மெதந்தான். தண்ணி மட்டும் இன்னும் நிக்கலம்மா."

 மலர்கொடிக்குப் பயத்தைவிடக் கோபம் பெரிதாக வந்தது. அவள் அப்பா ரெத்தினம் களத்துமேட்டில் எட்டி நிற்க, கூலிக் காசை மண்ணில் வீசுவார்கள். பொறுக்குவதற்கு அவர் குனிந்த குனிவைப் பார்த்து வளர்ந்தவள் அவள். எந்த மனுஷனுக்கும் காசைக் கீழே போடமாட்டேன் என்பது முதல் சம்பளம் வாங்கிய அன்றே அவள் செய்த சத்தியம்.

"ஆட்சியே மாறிடுச்சு, இந்தக் கருமம் மட்டும் மாறலியா? நான் கையிலதான் குடுப்பேன்."

"வேணாம்மா! போன வருஷம் ஒருத்தர் வெளாட்டா கைய நீட்டினாரு. இன்னிக்கும் அந்தக் கை வெளங்கல." ரிக்‌ஷா கூட்டிவரும் சாக்கில் மனுஷன் ஓடியேவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போனது. ஓட்டுக்கூரையில் தடதடத்த மழைக்கு அடியில், தவளைச் சத்தத்துக்கும் அடியில், யாரோ குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம், அவசரமே இல்லாமல், கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வந்தது வரட்டும். தாழ்ப்பாளை இழுத்தாள்.

இருட்டு. படிகள். கீழே குளம்.

ரூபாயை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குரலை நடுங்க விடவில்லை.

"வாங்கய்யா. மேல வந்து கையில வாங்கிக்குங்க."

ஊற்றும் சத்தம் நின்றது.

ஈரக் காலடி. ஒரு படி. இன்னொரு படி. மூச்சுச் சத்தம் இல்லை.

சில்லென்று ஒரு கை அவள் கையைப் பற்றியது. நீரில் ஊறிச் சுருங்கிய தோல். ரூபாய் நழுவி விழுந்தது. அந்தக் கை அதைத் தேடவில்லை. அவள் விரல்கள் மரத்தன. மணிக்கட்டும். இழுத்துக்கொண்டு ஓடச் சொல்லி உடம்பெல்லாம் துடித்தது.

"விட மாட்டேன்," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மின்னியது. படி நெடுகக் குளத்து விளிம்பு வரை, நீர் சொட்டச் சொட்ட, தலைமுறை தலைமுறையாய்த் தண்ணீர் ஊற்றிய ஆட்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். எல்லாரும் கையை நீட்டியிருந்தார்கள்.

மலர்கொடி இன்னொரு கையையும் நீட்டினாள்.