ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர்

"பார்த்து வரக் கூடாதா? கண்ணு எங்க இருக்கு?"

"கண்ணு இருக்குங்க... கண்ணாடிதான் பனியில மூடிக்கிச்சு!"

வெண்டூரி ஏரிக்கரை. தெற்கு அரைக்கோளத்தில் குளிர்காலமான ஜூலை மாதம், காலை ஏழு மணி. பூஜ்யத்துக்கும் கீழே இரண்டு டிகிரி. பல்லாரட் ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடந்த அந்த நேரத்தில், சரளைப் பாதையில் விழுந்து கிடந்தாள் டாம்சின். எதிரே முட்டியைத் தேய்த்தபடி ஓர் உயரமான ஆள். இருவரையும் மோதவிட்ட கறுப்பு அன்னம் பாதையின் நடுவிலேயே நின்று, கழுத்தை வளைத்து வேடிக்கை பார்த்தது.

அவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினான். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... மழைக்கு முந்தைய ஏரி மாதிரி.

ச்சே, முப்பத்திரண்டு வயசில் என்ன இது! தன்னையே கடிந்துகொண்டு எழுந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"மானம்தான் போச்சு."

"ஓட ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"இன்னிக்குத்தான் முதல் நாள். கடைசி நாளும் இதுதான். ஷூ வாங்கி நாலு மாசம் ஆச்சுங்க. தினமும் அலாரம் அடிக்கும்... தினமும் அதுக்குத் தலையில ஒரு தட்டு."

அவன் சிரித்தான். சிரிப்பு புகை புகையாக வந்தது.

"குளிர் வெளியில இல்லைங்க. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுலதான் இருக்கு. அதைத் தாண்டிட்டா மிச்சத்தை ஏரி பார்த்துக்கும்."

"பெரிய ஞானிதான்!"

"மரவேலை வாத்தியார். பேரு ஃபெர்கஸ். நாளைக்கு ஏழு மணிக்கு அந்தப் படகுக் கொட்டகைகிட்ட நிப்பேன். நீங்க வரலைன்னா விறைச்சுப் போயிடுவேன்... அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்."

வரக் கூடாது என்றுதான் இருந்தாள். மறுநாள் ஆறே முக்காலுக்கு, 'யாரோ ஒருத்தன் குளிரில் நிற்கிறானே' என்ற நினைப்பு உதைத்துத் தள்ளியது. போனாள். நின்றிருந்தான்.

அதன் பிறகு தினமும். ஓடும் உடுப்பை மாட்டிக்கொண்டே தூங்கினால் காலையில் சாக்குச் சொல்ல முடியாது என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். முதல் பத்து நிமிஷம் அவள் குளிரைத் திட்டுவாள். அப்புறம் காது சுடும், கன்னம் சிவக்கும், புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளியாய் மின்னும். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவனுடைய ஷூ கயிறு தானாக அவிழ்ந்துவிடும்... குனிந்து மெதுவாகக் கட்டுவான். இரண்டாம் வாரத்தில் 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் நான்காவது கிலோமீட்டரில், மணவாழ்க்கை முறிந்து ஊர் திரும்பிய கதையைச் சொன்னாள். அவன் வேகத்தைக் குறைத்தான். கூடவே ஓடினான். அது போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெட்ரோக் வீட்டில் மதிய விருந்து. அவனும் ஃபெர்கஸின் பள்ளியில்தான் வாத்தியார். வறுத்த ஆட்டிறைச்சியை அறுத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னான்.

"நீ ஃபெர்கஸ்கூட ஓடறேன்னு தெரிஞ்சதும் அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்க்கா. 'எங்க அக்காவை விட்டுடாதடா, இந்தக் குளிர்காலத்தை மட்டும் எப்படியாவது தாண்ட வெச்சிடு'ன்னு. உடனே சரின்னுட்டான். தங்கமான ஆளு!"

டாம்சின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். அப்படியானால்... அந்த ஷூ கயிறு, அந்தச் சிரிப்பு, எல்லாம் இரக்கமா? நான் என்ன, ஒப்படைக்கப்பட்ட நோயாளியா?

'இனி வர மாட்டேன். உங்கள் கடமை முடிந்தது.' ஃபெர்கஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டு அவனுடைய கைபேசி எண்ணைத் தடுத்துவைத்தாள்.

ஒன்பது நாள் விடியலில் போர்வையை விட்டு எழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

பத்தாம் நாள் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வந்தது. வெளியே ஆலங்கட்டி கலந்த மழை. கால்கள் மட்டும் போர்வைக்குள் நிலைகொள்ளவில்லை. அழைக்க யாரும் இல்லை, காத்திருக்கவும் யாரும் இல்லை... ஆனாலும் ஓட வேண்டும் போலிருந்தது. தம்பிக்காக இல்லை, அவனுக்காகவும் இல்லை.

படகுக் கொட்டகை வராத பக்கமாகத்தான் கிளம்பினாள். ஆனால் ஏரி வட்டமாயிற்றே! நாலாவது கிலோமீட்டரில் வளைவு திரும்பியதும், அதே படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான்.

தாண்டிப் போய்விடலாம். கால் கேட்கவில்லை.

"இங்க என்ன பண்ற?"

"உட்கார்ந்திருக்கேன். பத்து நாளா."

"ஓடலையா?"

"தனியாவா? இந்தக் குளிர்லயா? எனக்கென்ன பைத்தியமா?" அவன் உதடு நடுங்கியது. "எனக்குக் குளிர்னாலே ஆகாது டாம்சின். வாரத்துல ஒரு நாள் ஓடினா அதிகம். உன்னைப் பார்க்கத்தான் தினமும் வந்தேன்."

"பொய். பெட்ரோக் சொன்னதுக்கு நீ சரின்னு சொன்னியே?"

"சொன்னேன். வேற என்ன சொல்றது? 'உங்க அக்காவை எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு உன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவன்கிட்டயா சொல்ல முடியும்?"

மழை அவன் இமைகளில் சொட்டியது. அவளுக்கு மூச்சு வாங்கியது... ஓட்டத்தால் மட்டும் அல்ல. விறைத்துப்போன அவள் விரல்களை அவன் தன் உள்ளங்கைகளுக்குள் எடுத்து ஊதினான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா ஃபெர்கஸ்?"

"ம்..."

"இன்னிக்கு நான் ஓடினது எனக்காக."

அவன் முகம் வாடியது. அவள் அவன் கண்களையே பார்த்தாள்.

"நின்னது... உனக்காக."